மூட்டு ஜவ்வு: இடப்பள்ளியில் உட்கார்ந்து படித்த ஒரு பழைய கதை

கொச்சிக்கு வேலை மாற்றலாகி வந்த புதிதில் எனக்கு இந்த ஊரைப் பழக்கிவிட்டது மனிதர்கள் இல்லை, சைக்கிள்தான். வீடு இடப்பள்ளியில். ஞாயிறு விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினால் கலூர், தேவரை, வெண்டுருத்திப் பாலம், வெலிங்டன் தீவு, தோப்பும்படி என்று மிதித்து, வெயில் ஏறுவதற்குள் மட்டாஞ்சேரி போய்விடலாம். அங்கே ஒரு டீ. அப்படியே ஃபோர்ட் கொச்சிப் பக்கம் வெளி மைதானத்துக்கு அருகே இருக்கும் டோபி கானாவை ஒரு சுற்று. டச்சுக்காரர்கள் காலத்தில் பட்டாளத்துச் சீருடை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துணி வெளுக்கிறார்கள். கல்லில் துணி அடிக்கும் சத்தத்தோடு தமிழ்ப் பேச்சும் காதில் விழும். போக வர 35 கிலோமீட்டர். வாரம் பூராவும் மலையாளத்தில் தடுமாறுகிறவனுக்கு அது ஒரு மருந்து மாதிரி.

போன வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் அந்த மருந்துக்குக் கேடு வந்தது. திருப்பத்தில் ஈர ரோடு, வழுக்கல், கீழே விழாமல் இருக்க வலது காலை ஊன்றினேன். கால் நின்ற இடத்தில் நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். நான் மட்டும்தான் கேட்டேன் என்று நினைத்தேன். பின்னால் வந்த நண்பரும் கேட்டதாகச் சொன்னார்.

முதலில் பார்த்த டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நன்றாக இருக்கிறது, வெறும் சுளுக்குதான், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்றார். வீக்கம் வடிந்தது, நடந்தேன், சரியாகிவிட்டது என்றே நம்பினேன். ஆறு வாரம் கழித்து மாடிப்படி இறங்கும்போது முழங்கால் தானாக மடங்கி விட்டுவிட்டது. கையில் இருந்த பால் பாக்கெட்டோடு நாலு படி உருண்டேன். அப்புறம்தான் வேறு இடத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அதில் முன்பக்கத்துக் குறுக்கு ஜவ்வு முழுசாக அறுந்து கிடந்தது. டாக்டர்கள் ஏ.சி.எல். என்று மூன்று எழுத்தில் சொல்வது இதைத்தான்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், பின்னால் மறந்துவிடும். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், ஜவ்வு தெரியாது. அடிபட்ட சில மணி நேரத்துக்குள் மூட்டு பொம்மென்று வீங்கினால், அதுவும் ‘டப்’ சத்தத்துக்குப் பிறகு வீங்கினால், “எலும்பு உடையலை” என்ற ஒரு வார்த்தையில் சமாதானம் ஆகிவிடாதீர்கள்.

ஊரில் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “எய்யா, அந்தச் சைக்கிள யாருக்காச்சும் குடுத்துத் தொலையேன். நாப்பது வயசுக்கு மேல என்னத்துக்கு இந்த வேலை?” என்றாள். அதுதான் எனக்கும் பயம். இனிமேல் மிதிக்க முடியுமா முடியாதா? காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாதங்களில், இந்த ஜவ்வு அறுந்தவர்களை உலகம் இதுவரை என்ன செய்தது என்று தேடித் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அது எங்கே இருக்கிறது? தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கிற இடத்தில், மூட்டுக்கு நடுவில், பெருக்கல் குறி போட்ட மாதிரி இரண்டு ஜவ்வுகள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து போகின்றன. முன்பக்க ஜவ்வு கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், தேவையில்லாமல் திருகிக்கொள்ளாமலும் பிடித்து வைக்கிறது. நீளம் மூன்று சென்டிமீட்டர் சொச்சம், கனம் ஒரு விரல் அளவு. அதை வைத்துக்கொண்டுதான் நாம் ஓடுகிறோம், திரும்புகிறோம், பஸ்ஸிலிருந்து குதிக்கிறோம்.

இந்தச் ‘சிலுவை’ப் பெயரை வைத்தவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன் என்கிறார்கள். பெர்கமம் நகரில் கிளாடியேட்டர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். அறுந்த முழங்கால்களுக்கு அவருக்குப் பஞ்சம் இருந்திருக்காது. ஆனால் பெயர் வைத்ததோடு சரி. அதன் வேலை என்ன என்று செய்து பார்த்துச் சொல்ல 1836 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சொன்னவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர், வில்ஹெல்ம் வெபரும் எடுவார்ட் வெபரும். அண்ணன் வேறு யாருமில்லை, பள்ளிக்கூட இயற்பியலில் காந்தப் பாயத்துக்கு ‘வெபர்’ என்று அலகு படித்தோமே, அவரேதான். மனிதன் எப்படி நடக்கிறான் என்று ஆராயப் போய், இந்த ஜவ்வை வெட்டினால் கீழ்க்கால் எலும்பு முன்னும் பின்னும் நழுவுவதைக் கண்டு எழுதினார்கள்.

1850இல் எடின்பரோவில் ஜேம்ஸ் ஸ்டார்க் என்ற மருத்துவர், ஜவ்வு அறுந்த இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் காலைக் கட்டி அசையாமல் வைப்பது. அந்தக் காலத்தில் வேறு வழியும் கிடையாது. மூட்டைத் திறந்தால் சீழ் பிடிக்கும், சீழ் பிடித்தால் கால் போகும், சில சமயம் ஆளே போவார். நம் ஊர்ப் பக்கம் சுளுக்குக்கு எண்ணெய் போட்டு உருவி விடுவார்கள், எலும்புக்குப் புத்தூர் கட்டு போடுவார்கள், இங்கே கேரளத்தில் களரி ஆசான்கள் உழிச்சல் செய்வார்கள். எனக்கும் மாடி வீட்டுச் சேட்டன் அதைத்தான் சிபாரிசு செய்தார். தசைப்பிடிப்புக்கு அதெல்லாம் இதமாக இருக்கலாம். இரண்டு துண்டாகிப் போன ஜவ்வை வெளியிலிருந்து உருவி ஒட்ட வைக்க முடியாது.

காரணம் இதுதான். முழங்காலின் பக்கவாட்டில் இருக்கும் ஜவ்வு அறுந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அதன் மேல் புதுத் திசு வளர்ந்து பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். நடுவில் இருக்கும் ஜவ்வோ மூட்டு நீருக்குள் இருக்கிறது. ரத்தம் உறைந்து நிற்பதற்குள் கரைந்து போகிறது. அதனால் அது ஒட்டவே ஒட்டாது என்று நெடுநாள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையிலும் இப்போது ஓட்டை விழுந்திருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

கிருமி நீக்கம் வந்த பிறகுதான் மூட்டைத் திறக்கும் தைரியம் வந்தது. 1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் ஒரு சுரங்கத் தொழிலாளியின் முழங்காலைத் திறந்தார். 41 வயது. சுரங்கத்தில் மண் சரிந்து அடிபட்டு 36 வாரம் ஆகியிருந்தது. அறுந்த குறுக்கு ஜவ்வுகள் இரண்டையும் ஆட்டுக் குடல் நூலால் தைத்தார். ஆறு வருஷம் கழித்தும் அந்த ஆள் நன்றாக நடந்துகொண்டிருந்தார் என்று 1903இல் பதிவு செய்தார். அந்தத் தொழிலாளியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். காப்பீடு கிடையாது, மருத்துவ விடுப்பு கிடையாது, 36 வாரம் நொண்டியபடி இருந்திருக்கிறார். நான் ஏ.சி. அறையில் உட்கார்ந்து மடிக்கணினியில் வேலை பார்த்துக்கொண்டே புலம்புகிறேன்.

தைப்பது எல்லோருக்கும் பலிக்கவில்லை. 1917இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, பிரிஸ்டல் நகரின் ஹே குரோவ்ஸ் வேறு வழி பிடித்தார். அறுந்ததைத் தைக்காதே, புதிதாக ஒன்றைப் போடு. தொடையின் வெளிப்பக்கத்துச் சவ்விலிருந்து ஒரு பட்டையை எடுத்து, எலும்பில் துளை போட்டு, அதன் வழியாக இழுத்துக் கட்டினார். இன்று செய்யும் அறுவைச் சிகிச்சைக்கும் அதுதான் தாத்தா. 1934இல் இத்தாலியின் கலேயாட்ஸி தொடைப் பின்பக்கத் தசைநாணைப் பயன்படுத்தினார். 1963இல் அமெரிக்காவில் கென்னத் ஜோன்ஸ் முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணின் நடுப்பகுதியை எடுத்துப் போட்டார். இந்த இரண்டு இடங்களிலிருந்து எடுப்பதுதான் இன்றும் பெருவழக்கு.

இதற்கிடையில் ஜப்பானில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. 1918இல் டோக்கியோவில் டகாகி கென்ஜி, சிறுநீர்ப்பை பார்க்கும் குழாயை இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். அவருடைய மாணவர் வாட்டனாபே மசாகி கருவியைத் திருத்தித் திருத்தி, 21ஆவது மாதிரியில் உருப்படியான ஒன்றைக் கொண்டுவந்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக் சமயத்தில் அங்கே போயிருந்த கனடாக்காரர் ராபர்ட் ஜாக்சன் அவரிடம் கற்றுக்கொண்டு அதை மேற்கே கொண்டுபோனார். 1980இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் டேவிட் டேண்டி, மூட்டை அகலத் திறக்காமல் துளை வழியாகவே ஜவ்வு மாற்று அறுவையைச் செய்தார். என் முழங்காலில் பெரிய கோடாகத் தழும்பு இல்லாமல் சில புள்ளிகளும் ஒரு சின்னக் கீறலும் மட்டும் இருப்பதற்கு இந்த நாலு பேருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

எல்லாம் ஏறுமுகம் என்று நினைக்க வேண்டாம். 1980களில் கார்பன் இழை, கோர்டெக்ஸ் என்று செயற்கை ஜவ்வு போடும் ஆசை வந்தது. சீக்கிரம் விளையாடப் போகலாமே! போனார்கள். ஆனால் செயற்கை இழை தேய்ந்தது, அறுந்தது, துகள்கள் மூட்டுக்குள் உதிர்ந்து வீக்கம் வந்தது. சில வருஷங்களில் அந்த ஆசை அடங்கியது.

சரி, ஜவ்வைப் போட்டாயிற்று, பிறகு? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. 1970களில் அறுவைக்குப் பிறகு வாரக்கணக்கில் மாவுக்கட்டு. கட்டைப் பிரிக்கும்போது தொடை பாதியாகச் சூம்பியிருக்கும், மூட்டு மடங்காது. 1980களில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் டொனால்ட் ஷெல்போர்ன் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். சொன்னபடி காலை அசைக்காமல் வைத்திருந்தவர்களைவிட, சொல்பேச்சு கேட்காமல் சீக்கிரமே ஊன்றி நடந்தவர்களின் முழங்கால் நன்றாக இருந்தது! தன் பேச்சைக் கேட்காதவர்கள் மேல் கோபப்படாமல் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டார். 1990இல் நிட்ஸ் என்பவரோடு சேர்ந்து துரித மறுவாழ்வுப் பயிற்சி முறையை வெளியிட்டார். முதல் நாளிலிருந்தே காலை முழுசாக நீட்டு, தாங்கும் அளவுக்கு ஊன்று. மாவுக்கட்டு மலையேறியது.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. நமக்குள் வைக்கும் தசைநாண் ரத்த ஓட்டம் அறுபட்டு உள்ளே போகிறது. அதாவது செத்துத்தான் போகிறது. பிறகு அதற்குள் ரத்த நாளங்கள் நுழைந்து, புதுச் செல்கள் குடியேறி, மெல்ல மெல்ல ஜவ்வாக மாறுகிறது. 1986இல் சான் டியாகோவில் அமியல் குழுவினர் முயல்களில் இதைக் காட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், வலி போய் நாம் தெம்பாக உணர்கிற இரண்டாவது மூன்றாவது மாதத்தில்தான் உள்ளே இருப்பது பலவீனமாக இருக்கிறது. 2016இல் வந்த ஒரு நார்வே ஆய்வில், ஒன்பது மாதம் வரை விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. என் பிசியோதெரபிஸ்ட் சேச்சி “வலியில்லைன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்ல சேட்டா” என்று மலையாளம் கலந்த தமிழில் வாரா வாரம் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

எல்லோருக்கும் அறுவை தேவையா? 2010இல் ஸ்வீடனில் நடந்த ஆய்வு இதைத்தான் கேட்டது. 121 இளம் வயதினர். 62 பேருக்கு உடனே அறுவை. 59 பேருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் அறுவை. இரண்டு வருஷம் கழித்து இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். இரண்டாவது தரப்பில் 23 பேர் அதற்குள் அறுவை செய்துகொண்டிருந்தார்கள், ஐந்து வருஷத்தில் அது 30 ஆனது. மீதிப் பேருக்குப் பயிற்சியே போதுமானதாக இருந்தது. ஒட்டவே ஒட்டாது என்ற நம்பிக்கையில் ஓட்டை என்றேனே, அதுவும் இந்த ஆய்விலிருந்துதான். பழைய ஸ்கேன்களை மறுபடி பார்த்தபோது, முதலில் பயிற்சி என்று ஒதுக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்கு ஜவ்வு இழைகள் மீண்டும் தொடர்ச்சியாகத் தெரிந்தன. நானும் முதலில் மூன்று மாதம் பயிற்சிதான் செய்தேன். என் முழங்கால் சமதரையில்கூட மூன்று நான்கு முறை விட்டுவிட்டதால் அறுவைக்குப் போனேன். வேறொருவருக்கு வேறு முடிவு சரியாக இருக்கலாம்.

இனி சைக்கிள். 1998இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் பிளெமிங், பெய்னன் குழுவினர் எட்டுப் பேரின் நல்ல ஜவ்விலேயே ஒரு சின்ன அளவுகருவியைப் பொருத்தி, நிலையான சைக்கிளை மிதிக்கச் சொன்னார்கள். ஜவ்வு அதிகபட்சமாக இழுபட்டது சராசரியாக 1.7 சதவீதம். மெதுவாக மிதித்தாலும் வேகமாக மிதித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. உட்கார்ந்து எழும் பயிற்சியைவிட இது குறைவு. திருகல் இல்லை, குதித்தல் இல்லை, கால் ஒரே தளத்தில் சுற்றுகிறது. அம்மா விற்கச் சொன்ன அதே சாமான்தான் முழங்காலுக்கு முதலில் கொடுக்கிற மருந்து! இரண்டாவது வாரம் பயிற்சி அறையில் என்னை அதன் மேல் ஏற்றினார்கள். முழுச் சுற்று வரவில்லை. அதற்கு முழங்கால் ஏறக்குறைய 110 பாகை மடங்க வேண்டும். ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் பாதி பாதியாக ஆட்டினேன். ஒன்பது நாள் கழித்து ஒரு முழுச் சுற்று வந்தது. பக்கத்தில் இருந்த பாட்டி கை தட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வியர்வை என்று சமாளித்தேன்.

ஆனால் அறைக்குள் மிதிப்பது வேறு, ரோட்டில் மிதிப்பது வேறு. ரோட்டில் ஆபத்து மிதிப்பதில் இல்லை, சட்டென்று கால் ஊன்றுவதில் இருக்கிறது. அதனால்தான் ரோட்டுக்கு அவ்வளவு நாள் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

மறுவாழ்வு மருத்துவம் என்றதும் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. இதே கொச்சியின் வைப்பின் தீவில் சேராயி என்ற ஊரில் 1925இல் பிறந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் சி.எம்.சி.யில் படித்து அங்கேயே பணியாற்றியவர். 1954இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. அப்போது வேலூரில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாணை இடம் மாற்றி வைத்து, அந்தத் தசைக்குப் புது வேலையைப் பழக்கிக்கொண்டிருந்தார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்தக் கை அறுவைகளைச் செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966இல் அங்கே தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ. கொச்சியிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போனவர் அவர். நான் எதிர்த் திசையில் வந்தவன். அவர் சுமந்ததற்கு முன்னால் என் முழங்கால் ஒரு தூசு. ஆனாலும் அறுவை முடிந்ததோடு மருத்துவம் முடிவதில்லை என்பதை இந்த நாட்டில் ஊன்றியவர்களில் ஒருவர் என்பதால், என் கதையிலும் அவருக்குப் பங்கு உண்டு.

எனக்குத் தைரியம் கொடுத்த இன்னொருவர் கால்பந்துக்காரர் சந்தேஷ் ஜிங்கன். இடப்பள்ளியிலிருந்து மெட்ரோவில் சில நிறுத்தம் தள்ளி இருக்கிற கலூர் மைதானத்தில் 21ஆம் எண் சட்டையோடு கேரளா பிளாஸ்டர்ஸுக்கு ஆடியவர். 2019 அக்டோபரில் இந்திய அணிக்காக ஒரு பயிற்சி ஆட்டத்தில் இதே ஜவ்வு அறுந்தது. அந்த சீசன் முழுக்கப் போனது. 2020இல் பிளாஸ்டர்ஸை விட்டு விலகினார். நவம்பர் 20ஆம் தேதி கோவாவில், ஆளில்லாத மைதானத்தில், ஏ.டி.கே. மோகன் பகான் சட்டையில் லீகின் முதல் ஆட்டத்தில் இறங்கினார். எதிரணி யார் தெரியுமா? அதே கேரளா பிளாஸ்டர்ஸ். 1-0 என்று ஜிங்கன் அணி ஜெயித்தது. இடையில் பதின்மூன்று மாதம். 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் மறுபடி முழங்காலில் அடி, மறுபடி திரும்பி வந்தார்.

சைக்கிள்காரர் வேண்டுமென்றால் ஸ்பெயினின் அலெஹாந்த்ரோ வால்வெர்தே. 2017 ஜூலை 1 அன்று டூர் டி பிரான்ஸின் முதல் நாள், ஈரமான டுசெல்டார்ஃப் ரோட்டில் வழுக்கி முழங்கால் சில்லு உடைந்தது. ஜவ்வு இல்லை, எலும்பு, ஆனாலும் முழங்கால்தானே. 37 வயதில் கதை முடிந்தது என்றார்கள். 2018 செப்டம்பர் 30 அன்று இன்ஸ்பிரக்கில் உலக சாம்பியன் ஆனார்.

இவர்களுக்கெல்லாம் கூடவே ஆள் இருந்தார்கள், அதற்கென்றே சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். நம் மாதிரி வெளியூரில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு? ஊரில் என்றால் அத்தை ஒருத்தி வந்து சமையலைப் பார்ப்பாள், மச்சான் பைக்கில் ஏற்றிப் போவான். இங்கே எல்லாம் என் மனைவி தலையில் விழுந்தது. குழந்தைகளைப் பள்ளிக்கு விட்டு, என்னை பிசியோவுக்கு இறக்கி, தன் வேலைக்கு ஓடினாள். உழிச்சல் சொன்ன மாடி வீட்டுச் சேட்டன்தான் மழையில் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். ஏழெட்டு வருஷம் இந்த ஊரில் இருந்தும் பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர் முழுசாகத் தெரியாமல் இருந்தவன் நான். கால் ஒடுங்கியபோதுதான் தெரிந்துகொண்டேன்.

அறுவை முடிந்து பத்தாவது மாதம், இரண்டு கால் பலமும் அளந்து பார்த்து, டாக்டர் தலையாட்டினார். அடுத்த ஞாயிறு விடிகாலை கிளம்பினேன். வெண்டுருத்திப் பாலத்து ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன், வெட்கப்படவில்லை. டோபி கானாவில் பழக்கமான பெரியவர் ஒருவர் துணி பிழிந்துகொண்டிருந்தார். “என்ன தம்பி, ரொம்ப நாளா ஆளையே காணோம்? ஊருக்குப் போயிட்டீங்களா?” என்றார்.

“இல்லண்ணே, இங்கதான் இருந்தேன்” என்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். மட்டாஞ்சேரி வரை போய் வந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “பாத்து மிதி” என்றாள்.